'அப்'பாய்வு: முதற்கட்ட அறிக்கை

ஆங்கிலத்தில் 'அப்' என்றால் மேலே என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். இவ்வாய்வின் தேவை அங்கேதான் பிறக்கிறது. 'கிவ் அப்' என்றால் மேலே கொடு என்றல்லவா வர வேண்டும்? கைவிடு என்கிறது அகராதி. 'புட் அப்' மேலே வைப்பது; சரி. அதன் வாலில் 'வித்' ஒட்டியதும் சகித்துக்கொள் ஆகிவிடுகிறது. சகித்துக்கொண்டு மேலே செல்வோம்.

முன்னோர் கருத்து: 1755ல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினைக்குப் பின்னால் ஒட்டும் இந்தக் குட்டிச் சொற்களே அயல்நாட்டாரைப் பெரிதும் திணறடிக்கின்றன என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். லோகன் பியர்சால் ஸ்மித் 1925ல் எழுதிய நூலில் இவற்றை 'ஃப்ரேசல் வெர்ப்' என்று குறிப்பிட்டு, பெயரை எடுத்துக்கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி என்றார். நோயைக் கண்ட 170 ஆண்டுக்குப் பிறகு பெயர்சூட்டு விழா. மருந்து இன்னும் வரவில்லை.

அக்குறையைப் போக்க இவ்வாய்வாளன் முன்வைப்பது 'அப்பு'க் கோட்பாடு. அப்பு, தேயு, வாயு என்று நம் பெரியவர்கள் அடுக்குவார்களே, அந்த அப்பு, அதாவது தண்ணீர். சான்றுகள் குவிகின்றன. 'வாஷ் அப்' கழுவுதல். 'டிரிங்க் அப்' குடித்துத் தீர்த்தல். 'மாப் அப்' துடைத்தெடுத்தல். 'டிரை அப்' வற்றிப்போதல். 'த்ரோ அப்' வாந்தி. அதுவும் ஒருவகையில் நீர்ப்பொருளே. பிரிட்டனில் 'வாஷ் அப்' என்றால் பாத்திரம் கழுவுகிறார்கள், அமெரிக்காவில் கைகால் முகம் கழுவுகிறார்கள்; இரண்டுக்கும் குழாயடிதான்.

கோட்பாடு முனைவர் பட்டத்தை நெருங்கிய வேளையில் 'பர்ன் அப்' குறுக்கே வந்து அதை எரித்துவிட்டது. போதாக்குறைக்கு 'பர்ன் டவுன்' என்றும் ஒன்று இருக்கிறதாம். வீடு அப்பாக எரிந்தாலும் டவுனாக எரிந்தாலும் மிஞ்சுவது சாம்பல்தான்.

'ஆஃப்' இன்னும் மோசம். விளக்கு 'கோஸ் ஆஃப்' ஆனால் அணையும். அலாரம் அதையே செய்தால் அலறும். பால் திரிந்துபோகும். குண்டு வெடிக்கும். ஒரே இரவில் நான்கும் நேர்ந்த வீட்டுக்காரர் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரே வினையில் புகார் சொல்லிவிடலாம். வண்டி வருமா என்பது வேறு ஆய்வு.

தமிழர் இந்தச் சிக்கலை அவிழ்க்கவில்லை, பெயர்ச்சொல்லாக்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். படப்பிடிப்பில் 'பேக்கப்' என்றால் மூட்டை கட்டிக் கிளம்பலாம். கணினிக்காரரிடம் அதே 'பேக்கப்', பத்திரப்படுத்திய நகல். 'பில்டப்' ஆங்கிலத்தில் சிறுகச் சிறுகச் சேர்வது, நம்மிடம் வெறும் அலட்டல். நம் பொருள் மேல் என்பது இவ்வாய்வாளன் துணிபு.

இவ்வளவும் எழுதியபின் தமிழ் கற்கும் வெள்ளைக்கார அன்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை. "சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள் என்கிறீர்களே, சொன்னது புரிகிறது. எதைக் கொடுத்தார்கள், கடைசியில் எதை விட்டார்கள்?" என்றார். துணைவினை என்று ஏதோ விளக்கினேன். தலையாட்டிவிட்டு, பக்கத்து வீட்டுப் பையன் நேற்று அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டானாமே, அது வேட்டியா, கைக்கடிகாரமா என்று கேட்டார்.