பாயின்ட் தேவதையின் சந்நிதானத்துக்கு ஒரு விண்ணப்பம்

மைசூர் மாநகரில், பெயர் சொல்லிப் புகழ என் பேனாவுக்குத் தகுதி போதாத ஓர் உயர்நிலைப் பள்ளியின் சமூக விஞ்ஞானப் பிரிவு மகாஜனங்களின் சமுகத்துக்கு, அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்குக் கீ ஆன்சர் இருக்கும்வரை குறைவிராது.

ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் தமையன் மகளின் கட்டுரை, தங்கள் திருக்கரம் பட்டுச் சென்ற வாரம் எங்கள் இல்லம் திரும்பியது. விஷயம், மைசூர் அரண்மனை. 1897இல் அரசகுமாரியின் விவாக காலத்தில் பழைய மர அரண்மனை தீக்கிரையானதில் தொடங்கி, ஹென்றி இர்வின் வகுத்த திட்டப்படி 1912இல் புதியது எழுந்து முடியும்வரை அரச குடும்பம் ஜகன்மோகன அரண்மனையில் வாசம் செய்ததையும், கர்ஸன் பிரபு 1902இல் வந்து நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆட்சியதிகாரம் அளித்த வைபவம் அங்கேயே நடந்ததையும் சொல்லிவந்து, இத்தனை வருஷம் கல் சுமந்தவர்கள் இந்த ஊரில் எங்கே குடியிருந்தார்கள் என்று கேட்டு முடித்திருந்தாள். அக்கேள்வியின்மீது மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு; தாள் கிழியும் அழுத்தம். கீழே, ‘இர்ரெலவன்ட். ரைட் இன் பாயின்ட்ஸ்.’ ஐந்துக்கு ஒன்றரை. அந்த அரை எவ்வாக்கியத்துக்கு அருளப்பட்டதென்று வீட்டுப் பெரியவர்கள் கூடி ஆராய்ந்தும் புலப்படவில்லை.

தங்கள் தராசின் நுட்பத்தை நான் வியக்காத நாளில்லை. தஞ்சாவூர்ப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கிரந்த எழுத்துச் சுவடியை 1905இல் இவ்வூர் ஓரியண்டல் நூலகத்தில் இன்னதென்று கண்டு, 1909இல் அச்சேற்றினாரே ஆர். சாம சாஸ்திரி, அந்த அர்த்தசாஸ்திரத்தின் ஆசிரியர் ஒருவரே தங்களிடம் தேறக்கூடியவர் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்; 15 அதிகரணம், 150 அத்தியாயம், 180 பிரகரணம் என்று அடுக்கி வைத்த மகானுபாவர் அல்லவா! ஆனால் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு ஐந்து பாயின்ட் என்பதன்றோ தங்கள் சாஸ்திரம்? மீதமுள்ள 175 பிரகரணங்களுக்கும் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். கௌடில்யர் டியூஷனுக்கு அனுப்பப்பட்டிருப்பார்.

இதே ஊரில், தலைமையாசிரியரின் மகனாயிருந்தும், சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையில் ஆங்கிலத்திலேயே தவறிய ஆர்.கே. நாராயணையும் நினைத்துக்கொள்கிறேன். அவர் ராஜ்யசபைக்குப் போய் 1989இல் ஆற்றிய முதல் உரையில் பிள்ளைகளின் புத்தக மூட்டையைப் பற்றித்தான் பேசினார். அதுவும் பாயின்ட் பாயின்டாகப் பேசினாரா என்பதைத் தாங்கள் விசாரித்தறிவது உத்தமம்.

திருத்த வேண்டிய தாள்கள் மலையாய்க் குவிந்திருப்பதும், நடுவே தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று தங்களை இழுத்தடிப்பதும் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சொல்கிறேன், அந்தக் கட்டுரையை ஒருவரும் படிக்கவில்லை. கீ ஆன்சரிலுள்ள ஐந்து சொற்களைத் தேடினீர்கள், கிடைக்கவில்லை, அடித்தீர்கள். கேள்வி கேட்டதற்காக ஒரு குழந்தையைத் தண்டித்தீர்கள். இப்போது அவள் கைடைத் திறந்துவைத்துக்கொண்டு, கட்டிய காலம், கட்டியவர், பாணி, செலவு, விளக்குகள் என்று உருப்போடுகிறாள். இதற்குப் பெயர் சரித்திரமா? வெட்கமாயில்லையா?

க்ஷமிக்க வேண்டும், சந்நிதானத்தில் குரல் உயர்ந்துவிட்டது. தங்கள் கிருபையால் அவள் அடுத்த பரீட்சையில் கிருஷ்ணராஜ சாகரத்தைக் குறித்து ஐந்துக்கு ஐந்தும் வாங்குவாள். விசுவேசுவரய்யாவே வந்து எழுதினாலும் அணையின் காரணகாரியங்களை விவரிக்கப் புகுந்து இரண்டரைக்குமேல் தாண்டமாட்டார்.

ஆகையால் என் பிரார்த்தனை அற்பமானது. ஐந்து பாயின்டுகளும் முறைப்படி எழுதி முடித்தபின், ஆறாவது எண்ணை மட்டும் இட்டு, பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றிய கேள்வியை அங்கே எழுதிக்கொள்ள உத்தரவாக வேண்டும். அதற்கு மதிப்பெண் வேண்டாம், பதிலும் வேண்டாம், சிவப்பு மை மட்டும் அதன்மேல் படாதிருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
ஒன்றரை மதிப்பெண் பெற்றவளின் சித்தப்பன்