கொசுறு: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் உழவர் சந்தைகளில் ஐப்பசி மாதக் கறிவேப்பிலைப் போக்குவரத்து குறித்து ஒரு சிற்றாய்வு

உழவர் சந்தை என்றதும் அறிஞர் பெருமக்கள் விலையைப் பற்றியே பேசுகிறார்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதலமைச்சர் மு. கருணாநிதி முதல் சந்தையைத் திறந்து வைத்தது, இடைத்தரகர் ஒழிந்தது, மொத்த விலைக்கு ஏறத்தாழ 20 சதவீதம் மேலும் சில்லறை விலைக்கு 15 சதவீதம் கீழுமாக விலை வைத்துப் பலகையில் எழுதிப்போடுவது, இவையெல்லாம் ஆராயப்பட்டுவிட்டன. காசு கொடுத்து வாங்கும் பகுதிக்கு இது போதும். காசு கொடுக்காமல் வாங்கும் பகுதி தீண்டப்படாமல் கிடக்கிறது. அந்தக் குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

களம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்து கண் அசருவதற்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்துவிடக்கூடிய இரண்டு ஊர்கள். காலம், ஐப்பசி. மேலை நாட்டார் இதை இலையுதிர் காலம் என்பர். நம்மூரில் இலை உதிர்வதில்லை, மல்லித்தழை அழுகுகிறது. ஆய்வுக்கு அதுவே தேவை.

கொசுறின் தோற்றம் யாதோ எனின், விலைப் பலகையே என்க. சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை என்று பலகை சொல்லிவிட்டபின் பேரம் பேச இடமில்லை. ஆனால் பேரம் பேசாமல் காய் வாங்கி வீடு திரும்புவது தென்மாவட்டத்தார் குருதிக்கு ஒவ்வாது. ஆகவே பேரம், பலகை கைவைக்க முடியாத ஒரே இடத்துக்குக் குடிபெயர்ந்தது. கறிவேப்பிலைக்கு எத்தனை கொத்து என்று அரசாணை ஏதும் இல்லை.

இந்தப் பெயர்ச்சியை வரலாற்று நோக்கில் பார்த்தால், தட்டுத் தராசுக் காலத்தில் கொசுறு தராசுக்குள்ளேயே இருந்தது. காய்த் தட்டு ‘டக்’கென்று தாழும்படி கடைசியாக ஒரு வெண்டைக்காய் விழும், அந்த ஓசையே ரசீது. எலெக்ட்ரானிக் தராசு வந்தது. சிவப்பு எழுத்தில் 1.020 என்று காட்டியதும், இருபது கிராம் யாருடையது என்ற கேள்வி எழுந்துவிட்டது. அதுவரை அதைக் கேட்டவரும் இல்லை, கேட்கத் தோன்றியதும் இல்லை. கொசுறு தராசைவிட்டு இறங்கிப் பையின் வாயருகே வந்து நின்றது. பின்பு யுபிஐ. 47 ரூபாய்க் காய்க்கு ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினால், “சில்லறை இல்ல, ரெண்டு மொளகா போட்டுக்கிடுங்க” என்று மூன்று ரூபாய் மிளகாயாக உருமாறுவது வழக்கம். இப்போது 47 ரூபாய் 47 ரூபாயாகவே போய்ச் சேருகிறது. மிளகாய் தன் நாணயத் தகுதியை இழந்த இந்நிகழ்வை எந்தப் பொருளியலாரும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை. வருந்தத்தக்கது.

இனி மையக் கருதுகோள். உழவர் சந்தையில் விற்பவர் உண்மையில் உழவரா என்பதை உறுதிப்படுத்தப் படம் ஒட்டிய அடையாள அட்டை தரப்படுகிறது. அட்டையைவிட நம்பகமான சான்று கொசுறே என்பது எம் துணிபு. அஃதெங்ஙனமெனின், கறிவேப்பிலை பல்லாண்டுச் செடி. ஒடிக்க ஒடிக்கத் துளிர்க்கும். கிணற்றடியில் ஒன்று நிற்பவருக்கு நாலு கொத்து ஒரு பொருட்டே அல்ல. எனவே அவர் அள்ளுவார். விலைக்கு வாங்கி வந்து விற்பவரோ கிள்ளுவார். அள்ளலுக்கும் கிள்ளலுக்கும் இடைப்பட்ட தூரமே உழவருக்கும் வியாபாரிக்கும் இடைப்பட்ட தூரம். அட்டையைக் கடன் வாங்கலாம். விரல்களின் பழக்கத்தைக் கடன் வாங்க முடியாது.

மல்லி வேறு சாதி. குறுகிய காலப் பயிர், மெல்லிய தண்டு. வடகிழக்குப் பருவமழை நாலு நாள் விடாமல் பிடித்தால் வேரோடு நைந்துவிடும். ஆகவே ஐப்பசியில் அது கொசுறுப் பட்டியலிலிருந்து விலகி விலைப்பட்டியலில் ஏறிவிடுகிறது. சந்தையில் கேட்டது:

“யக்கா, மல்லி கொஞ்சம்...”

“மல்லி இன்னைக்கு ஆனை வெல விக்கி. கருவேப்பிலைய எம்புட்டு வேணும்னாலும் எடு தாயி, மல்லியில மட்டும் கை வைக்காத.”

நுகர்வோர் விலைக் குறியீடு மாதம் ஒருமுறை, அதுவும் அடுத்த மாதம் 12ஆம் தேதி வாக்கில்தான் வருகிறது. மேற்படி அறிவிப்பு காலை ஆறரைக்கே வந்துவிட்டது. பணவீக்கத்தை 4 சதவீதத்தை ஒட்டி வைக்க 2016இலிருந்து கடமைப்பட்டுள்ள ரிசர்வ் வங்கி, இங்கே ஓர் ஆளை ஒயர் கூடையோடு நிறுத்துவது நலம். 2023 ஜூலையில் தக்காளியை நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க நேர்ந்ததே, அக்காலத்தில் தக்காளியைக் கொசுறாகக் கேட்பவர் மனநிலை சரியில்லாதவராகவே கருதப்பட்டிருப்பார்.

புரட்டாசி ஐப்பசிக்கு நேர் முன்னோடி. கறிக்கடைகள் ஈயாட, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளுக்குச் சனிக்கிழமைக் கூட்டம் மலையேற, காய்கறிக்கு வரும் கிராக்கியில் கொசுறு சுருங்கும். ஆண்டாள் சூடிய மாலையே அந்த மாதம் திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகிறது. அவ்வளவு தாராளமான ஊரில் கறிவேப்பிலைக்குக் கை சுருங்குவது ஒரு முரண். ஊர்ப்பற்று மிக்க சிலர், பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு வந்ததிலிருந்தே அவ்வூருக்கு மிதப்பு என்பர். இது இராஜபாளையத்தார் கூற்று, ஒருதலைப்பட்சமானது.

உலக அரங்கில் ஒப்புநோக்க, பெரு நாட்டுச் சந்தைகளில் கொசுறின் பெயர் ‘யாப்பா’. நியூ ஆர்லியன்ஸில் ‘லான்யாப்’. அதைப் பற்றி 1883இல் மார்க் ட்வைன் வியந்து எழுதினார். நம் ஊர்ப்பக்கம் வந்திருந்தால் வியந்திருக்க மாட்டார், இன்னொரு கொத்து கேட்டிருப்பார்.

இறுதியாக, அளவு எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது என்பதை நேரடியாகவே வினவினோம். மழை, மல்லி வரத்து, நேரம், வாங்கிய காயின் எடை ஆகிய நான்கு காரணிகளையும் விளக்கி, இவற்றுள் எது முதன்மையானது என்று கேட்டதற்கு, பாகற்காயைக் குவித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. வாங்குறவுக மூஞ்சியப் பார்ப்பேன், போடுவேன்.”

மூஞ்சி எம் கருதுகோளில் இல்லை. கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது. இதற்கிடையே எமக்கு விழுந்தது ஒரே ஒரு கொத்து, அதிலும் பாதி காம்பு.