தண்ணீர் கலந்த வெண்ணெய்க்கு விலை அதிகம்

டியர்பார்ன், மிச்சிகன்

அன்புள்ள அக்காவுக்கு,

  

"வெயிட் குறைக்கிறேன்னு சொல்றே, அப்புறம் எதுக்குடா எந்நேரமும் வெண்ணெய்ப் பேச்சு?" என்று போனில் கேட்டாய். போனில் பதில் சொன்னால் சண்டையில் முடியும், அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் என் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எடையைக் குறைக்கச் சொன்னார். உன் தம்பி பெண்டாட்டி அன்றைக்கே எங்கள் இருவர் பெயரையும் வெயிட் வாட்சர்ஸில் பதிந்துவிட்டாள். 1963-ல் நியூயார்க்கில் ஜீன் நிடெட்ச் என்கிற இல்லத்தரசி ஆரம்பித்து வைத்த சமாச்சாரம் அது. வாயில் போடுவதற்கெல்லாம் புள்ளி. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கு. வேகவைத்த பருப்புக்குப் புள்ளியே கிடையாது. அதன் தலையில் விடுகிற நெய்க்கு உண்டு, பிசைந்துகொள்ள வேண்டிய சோற்றுக்கும் உண்டு. ஆகக்கூடி, வெறும் பருப்பைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருக்கலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நம்ம ஊர் ஃபோர்டு கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டு டீக்கடையில் வெண்ணெய் தடவிய பன்னை டீயில் தோய்த்துத் தின்ற நாளில் எவன் புள்ளி கேட்டான்? 2022-ல் அங்கே கடைசிக் கார் வெளியே போனது. நான் பிழைப்புத் தேடி அந்தக் கம்பெனியின் தலைமையகம் இருக்கிற ஊருக்கே வந்து சேர்ந்தேன். புள்ளியும் வந்து சேர்ந்தது.

அண்ணாச்சி கடையில் வெண்ணெய் என்றால் ஆவின், இல்லாவிட்டால் அமுல். எது வேண்டும் என்றுகூடக் கேட்கமாட்டார், இருப்பதை எடுத்து நீட்டுவார். இங்கே வெண்ணெய்க்கும் வெண்ணெய் மாதிரிகளுக்கும் ஒரு சுவர் முழுக்க அலமாரி. லைட், விப்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்தது, தயிர் சேர்த்தது, பாலே படாதது, பீச்சி அடிக்கிறது. குளிரில் நடுங்கிக்கொண்டு ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பி லேபிள் படிப்பதிலேயே கொஞ்சம் எடை குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

படித்ததைச் சொல்கிறேன், கேள். இந்த நாட்டுச் சட்டப்படி, வெண்ணெய் என்றால் நூற்றுக்கு 80 பங்கு பால் கொழுப்பு இருக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 14 கிராம், 100 கலோரி. பாதிக் கொழுப்பு டப்பாவில் அதே கரண்டிக்கு 50தான். மீதி 50 எங்கே போச்சு என்று தேடினால், சேர்மானப் பட்டியலில் முதல் பெயரே தண்ணீர்! விப்டு என்பது காற்று. வெண்ணெயை அடித்து நுரைக்கவைத்து டப்பாவை நிரப்பிவிடுகிறார்கள். கரண்டியால் அளந்தால் கலோரி குறைவு, தராசில் வைத்தால் பழைய கணக்குதான். நம்ம தெருப் பால்காரரை அம்மா வாசலிலேயே நிறுத்தி, "பால்ல தண்ணி ஊத்துறியா, தண்ணியில பால் ஊத்துறியா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? பாவம், இடம் மாறிப் பிறந்துவிட்டார். இங்கே பிறந்திருந்தால் கேன் மேல் 'லைட்' என்று எழுதி ஒட்டி, கூட நாலு காசு வாங்கியிருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த லைட்டைத் தோசைக்கு விட்டாள். நெய்யென்றால் ஓரம் பொரிந்து, மாடிவரைக்கும் வாசம் போகும். இது சுர்ரென்று ஆவியைக் கக்கி என் கண்ணாடியை மறைத்தது. தோசை முறுகவில்லை, வெந்தது. தண்ணீர் முழுக்க ஆவியாகிற வரைக்கும் அந்த இடத்தில் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது, முறுகலுக்கு அதற்கு மேலே வேண்டும் என்று ஃபாக்டரிக்காரன் என்ற முறையில் விளக்கினேன். அவள் தோசைத் திருப்பியை என் கையில் கொடுத்து, "அப்ப நீங்களே சுடுங்க" என்று போய்விட்டாள். நீ வெண்ணெய் உருக்கும்போது சடசடப்பு அடங்கியதும் முருங்கைக்கீரையைக் கிள்ளிப் போடுவாயே, அந்தச் சத்தமும் தண்ணீர் வெளியேறுகிற சத்தம்தான். இந்த லைட்டை அடுப்பில் வைத்தால் சத்தம் அடங்குவதற்குள் டப்பாவே காலி.

பீச்சி அடிக்கிற பாட்டில் இன்னும் விசேஷம். அதன் மேல் 'கலோரி 0' என்று போட்டிருக்கிறது. உள்ளே எண்ணெய் இருக்கிறது! ஒரு வேளை அளவில் 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் சைபர் என்று போட்டுக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது. அதனால் அவர்கள் கணக்கில் ஒரு வேளை அளவு என்பது ஒரே ஒரு அழுத்து, கால் கிராம்கூடத் தேறாது. உன் மருமகப்பிள்ளை பாப்கார்னைக் கையில் வைத்துக்கொண்டு படம் முடிகிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருக்கிறான். கேட்டால், "சைபரை எத்தனையால பெருக்கினாலும் சைபர்தானேப்பா" என்கிறான். கணக்கில் கெட்டிக்காரன், உன்னை மாதிரி.

நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். டால்டா டின்னில் துளசி வளர்த்த குடும்பம் நாம். அதற்குள் முதலில் என்ன இருந்தது என்று கேட்காமல் தின்றவர்கள். அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு வெண்ணெயைவிட இதயத்துக்கு மோசம் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குக் காரணமான எண்ணெயை இங்கே 2018-ல் தடுத்துவிட்டார்கள். நம் நாட்டிலும் 2022 ஜனவரி முதல் எண்ணெயில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது. இப்போது டப்பாவில் வருகிற எண்ணெய் ஸ்ப்ரெட்டில் நிறைவுற்ற கொழுப்பு வெண்ணெயைவிடக் குறைவு என்று டாக்டரும் அதைத்தான் வாங்கச் சொல்கிறார். ரொட்டியில் தடவினால் பரவாயில்லை. மூக்கை மட்டும் ஏமாற்ற முடியவில்லை.

கண்ணை ஏமாற்றுவதற்கு ஒரு காலத்தில் இங்கே வரியே இருந்தது, தெரியுமா? வெண்ணெய்க்குப் பதிலாக வந்த மார்ஜரினில் மஞ்சள் நிறம் சேர்த்தால் 1902-லிருந்து பவுண்டுக்கு 10 சென்ட், வெள்ளையாக விற்றால் கால் சென்ட். எல்லாம் பால்பண்ணைக்காரர்கள் கைங்கரியம். கடைக்காரன் வெள்ளையாக விற்று, மஞ்சள் சாயத்தைத் தனியே கொடுப்பான். வீட்டுப் பெண்கள் கை வலிக்கப் பிசைந்துகொள்ள வேண்டியது. மிச்சிகன் ஏரிக்கு அந்தப் பக்கம் விஸ்கான்சினில் மஞ்சள் மார்ஜரின் விற்பதற்கு 1967 வரைக்கும் தடை இருந்தது.

மகாபலிபுரத்தில் கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை என்கிற பாறையைத் தாங்கிப் பிடிப்பதாக உன் வீட்டுப் பாப்பா எடுத்து அனுப்பிய போட்டோ வந்தது. அதை இங்கே ஆபீஸில் காட்டினேன். சுமார் 250 டன், கொழுப்பு துளிகூட இல்லை, உருகாது, காலாவதித் தேதி கிடையாது, 1908-ல் வெள்ளைக்கார கவர்னர் ஏழு யானையைக் கட்டி இழுத்தும் அசையவில்லையாம் என்று சொன்னேன். ஒருத்தி முகத்தை மாற்றாமல், "புள்ளி எத்தனை?" என்று கேட்டாள். அவளும் எங்கள் திட்டத்தில்தான் இருக்கிறாள்.

கடைசியில் வீட்டில் ஒரு ராஜி ஆகியிருக்கிறது. இந்த ஊர் வெண்ணெய் நீளக் கட்டியாக வரும். சுற்றின தாளிலேயே கரண்டிக் கோடு எட்டாகப் போட்டிருக்கும். வாரத்துக்கு ஒரு கட்டியை உருக்கி நெய்யாக்கி, ஆளுக்கு ஒரு டீஸ்பூன், இரவுச் சோற்றுக்கு மட்டும். மற்றதற்கெல்லாம் டப்பா. டீஸ்பூன் தலை தட்டியா, கோபுரமாகவா என்பதில்தான் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. உருக்கின பாத்திரத்தில் சோறு போட்டுப் பிரட்டித் தின்பது கணக்கில் வருமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வந்துவிடும்.

தை மாதம் பெரியவன் கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. தாய்மாமனுக்குப் பட்டுச் சட்டை தைக்க அளவு கேட்டிருந்தாய். டாக்டர் சொல்கிறபடி பார்த்தால் ஒரு அளவு, தராசு சொல்கிறபடி பார்த்தால் ஒரு அளவு. பழைய சட்டையைக் கொடுத்தே தைக்கச் சொல். பக்கவாட்டில் இரண்டு அங்குலம் துணியை உள்ளே மடித்து விடட்டும், பிரித்து விட்டுக்கொள்கிற மாதிரி.

அன்புத் தம்பி