பள்ளிபாளையம் சிக்கனும் லண்டன் சங்கும்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த ஊர்ல கறிவேப்பிலை கிடைக்குதான்னு போன்ல கேட்டே. கிடைக்குது. முருங்கைக்காய், மோர்மிளகாய், சின்ன வெங்காயம் எல்லாமே தெருமுனைக் கடையில இருக்கு. வாங்கிட்டு வந்து சமைக்கத்தான் விட மாட்டேங்கறாங்க.

விடாதது யாருன்னு கேட்டா, கூரையில ஒட்டியிருக்கிற ஒரு வெள்ளை டப்பா. புகை அலாரம். இங்கிலாந்துல வாடகைக்கு விடற வீட்டுல மாடிக்கு ஒண்ணாவது மாட்டியே ஆகணும்னு சட்டம். போன ஞாயித்துக்கிழமை பள்ளிபாளையம் சிக்கனுக்கு ஆசைப்பட்டு, வரமிளகாயைக் கிள்ளி, விதையை உதறி, காஞ்ச எண்ணெயில போட்டேன். மிளகாய் நிறம் மாறக்கூட இல்லை, மேலே சங்கு ஊத ஆரம்பிச்சிருச்சு. பக்கத்து வீட்டு அம்மா செருப்புகூடப் போடாம ஓடி வந்து, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடட்டுமான்னு கேட்டாங்க. "ஒண்ணுமில்லைங்க, குழம்பு"ன்னேன். இருமிக்கிட்டே போனாங்க. அன்னையிலிருந்து எங்க வீட்டுல தாளிக்கணும்னா ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் கரண்டி பிடிக்கணும், இன்னொருத்தர் ஸ்டூல் மேல ஏறித் துண்டால அலாரத்துக்கு விசிறணும். கூட இருக்கிற சங்ககிரிப் பையன் அதுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டிடலாம்கிறான். அதுக்கு மட்டும் நான் சம்மதிக்கலை.

சமையலறையில ஒரு சின்ன அசட்டை எங்கே கொண்டுபோய் விடும்னு படிச்சேன், அதான் காரணம். நாங்க இருக்கிற இதே நியூஹாம் வட்டாரத்துல கேனிங் டவுன்னு ஒரு இடம். அங்கே ரோனன் பாயிண்ட்டுன்னு 22 மாடிக் கட்டடம் இருந்துச்சு. ஆளுங்க குடிவந்து ரெண்டு மாசம்தான் ஆயிருக்கும். 1968 மே 16, விடியக்காலம். 18ஆவது மாடியில ஒரு அம்மா டீ போட எழுந்து அடுப்புக்குத் தீக்குச்சி கிழிச்சிருக்காங்க. ராத்திரியெல்லாம் கசிஞ்ச கேஸ் வெடிச்சு, சுவர் வெளியே பிதுங்கி, மேலிருந்து கீழ் வரைக்கும் கட்டடத்தோட ஒரு மூலையே சரிஞ்சு விழுந்துருச்சு. 4 பேர் செத்துப் போனாங்க. எதனால கசிஞ்சதுன்னு விசாரிச்சா, அடுப்பையும் குழாயையும் இணைக்கிற ஒரு மட்டமான பித்தளை நட்டு! இந்த நாட்டுல கட்டடச் சட்டத்தையே அதுக்கப்புறம் மாத்தினாங்க. குச்சி கிழிச்ச அம்மா பிழைச்சுக்கிட்டாங்க. அடுப்புக்கும் ஒண்ணும் ஆகலையாம், அதையே தூக்கிட்டுப் புது வீட்டுக்குப் போனாங்களாம். நம்ம அம்மாவா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க.

இதைப் படிச்சதும் எனக்கு நம்ம வீட்டு டியூப் நெனப்புதான். பழைய பச்சை டியூப். அடுப்பு ரெண்டு தடவை மாறிருச்சு, டியூப் மாறலை. எலி கடிக்குதுன்னு அப்பாவோட பழைய வேட்டியைக் கிழிச்சு அதுக்குச் சட்டை வேற போட்டு வச்சிருக்காங்க. உள்ளே வெடிச்சிருக்கா, கடிச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்?

மாமாவை நெனச்சாத்தான் சிரிப்பு வருது. நாமக்கல்லுல பாதி ஊரு கேஸ் டேங்கர் லாரியை நம்பிப் பொழைக்குது. அதுல மாமா கெட்டிக்கார டிரைவர். 18 டன் கேஸை மங்களூர்ல ஏத்திக்கிட்டு வரும்போது சைலன்சர்ல தீப்பொறி தடுப்பான், பிளாண்ட் வாசல்லயே செல்போன் ஒப்படைப்பு, எறக்கும்போது எர்த் கம்பின்னு ஒண்ணு விடாமப் பார்ப்பார். வீட்டுக்கு வந்தா 14.2 கிலோ சிலிண்டர் பக்கத்துலயே காமாட்சி விளக்கு எரியும், "என்ன அம்மிணி வாசம் வருது"ன்னு கேட்டுட்டு டிவியைப் போடுவார்.

இங்கே குழாயில வர்ற கேஸ் காத்தைவிட லேசு, மேலே போயிரும். நம்ம சிலிண்டர் கேஸ் கனம், தரையோட தரையா தவழ்ந்து மூலையில தங்கும். ராத்திரி சமையலறைக் கதவைச் சாத்திட்டுப் படுத்தா விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் அதுக்குள்ளேதான். கேஸுக்குன்னு தனியா வாசமே கிடையாது, கசிஞ்சா தெரியட்டும்னுதான் அந்த அழுகின நாத்தத்தைச் சேர்க்கறாங்க. அதனால நாத்தம் வந்தா ஊதுபத்தியான்னு யோசிக்க வேண்டாம். ரெகுலேட்டரை மூடு, காமாட்சி விளக்கை அணை, கதவு சன்னலைத் திற. சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். போன் பேசறதும் வாசலுக்கு வெளியே வந்துதான்.

கச்சாயம் சுடும்போது எண்ணெய் தீப்பிடிச்சா அம்மா சொம்புத் தண்ணியைத்தான் தேடுவாங்க. ஊத்தவே கூடாதுன்னு சொல்லி வை. தண்ணி எண்ணெய்க்கு அடியில போய் ஒரே நொடியில ஆவியாகி, எரியற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி அடிக்கும். அடுப்பை அணைச்சுத் தட்டுப் போட்டு மூடிட்டு, ஆறற வரைக்கும் தொறக்காம இருந்தாப் போதும். அப்புறம் அந்த நைலக்ஸ் சேலை முந்தானையில சட்டி இறக்கற வழக்கம்! கைப்பிடித் துணி நாலு வாங்கி அனுப்பிச்சேனே, அதெல்லாம் பீரோவுல பத்திரமா இருக்குதாமே.

ஏஜென்சியில ஆரஞ்சு நிற டியூப் கேளு. மேலேயே வருஷம் அச்சடிச்சிருக்கும், 5 வருஷம்தான் அதுக்கு ஆயுசு. மாட்டினதும் ரெண்டு முனையிலும் சோப்புத் தண்ணி தடவி நுரை பொங்குதான்னு மாமாவைப் பார்க்கச் சொல்லு, தீக்குச்சி வச்சுப் பார்க்க வேண்டாம். நான் பணம் அனுப்பினா அம்மா கோவிச்சுக்குவாங்க, மாமா வாங்கினதாவே இருக்கட்டும். கேஸ் கசிஞ்சா கூப்பிட வேண்டிய எண் 1906. ராத்திரியிலும் எடுப்பாங்க. நாள்காட்டி மேலே பெருசா எழுதி மாட்டு, அம்மா கண்ணாடி இல்லாமப் படிக்கற அளவுக்கு.

அன்புடன்,
உன் தம்பி