பாட்டி எத்தனை தடவை சாவார்?

கே: நண்பன் போதையில் விழுந்துவிட்டான் என்பதற்கு முதல் அறிகுறி எது?
– விடுதிவாசி, கோவை

ப: உங்கள் ஜிபே கணக்கு! பெட்ரோலுக்கு 500, பரீட்சைக் கட்டணத்துக்கு 300, ஊரில் பாட்டி தவறிவிட்டதால் பஸ்ஸுக்கு 200. அதே பாட்டி மூன்றாம் முறை சாகும்போதாவது சுதாரியுங்கள். கண் சிவப்பதெல்லாம் அப்புறம்.

கே: போதையில் விழுந்த நண்பனின் அம்மா போன் செய்தால் ‘என்கூடத்தான் படிக்கிறான்’ என்று சமாளிக்கிறேன். நட்புக்காகப் பொய் சொல்வது தப்பா?
– உயிர்த்தோழன், மதுரை

ப: கடன் நீங்கள், பொய் நீங்கள், காவல் நீங்கள். பொட்டலம் விற்பவனுக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் மேனேஜரும் நீங்கள்தான்.

கே: ஷெர்லாக் ஹோம்ஸே கொகைன் போட்டவர்தானே சார்?
– துப்பறியும் ரசிகன், திருச்சி

ப: ஆமாம், 7 சதவீதக் கரைசல். கூடவே இருந்து திட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பழக்கத்தை விடவைத்தவர் அறைத்தோழர் வாட்சன். உங்கள் அறையில் எல்லாருமே ஹோம்ஸ் போலிருக்கிறதே!

கே: நானே ஏதாவது மாற்று மருந்து கொடுத்து நண்பனைத் திருத்தலாமா?
– அரை டாக்டர், சேலம்

ப: சிக்மண்ட் ஃபிராய்டே கையைச் சுட்டுக்கொண்ட சமாசாரம். மார்ஃபினுக்கு அடிமையான நண்பர் ஃப்ளைஷ்லை மீட்க, 1884இல் கொகைன் கொடுத்தார். நண்பர் இரண்டுக்கும் அடிமையானார். 1891இல், 45 வயதில் இறந்தார். மருந்து கொடுத்த நண்பர் டாக்டராக இருந்தாலே இந்தக் கதி. நீங்கள் அரை!

கே: நான் தொடுவதே இல்லை. அறையில் அவன் மட்டும்தான். எனக்கென்ன பயம்?
– பரம சாது, சென்னை

ப: 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம், 25ஆம் பிரிவு: தெரிந்தே இடம் கொடுப்பதும் குற்றம். ‘எனக்குத் தெரியாது’ என்பீர்கள். வாடை போக ஊதுபத்தி கொளுத்தியது யாராம்?

கே: விஷயம் வெளியே தெரிந்தால் அவன் ஜெயிலுக்குப் போய்விடுவானே?
– கவலைக்காரி, நெல்லை

ப: அதே சட்டத்தில் 64ஏ பிரிவையும் படியுங்கள். போதைக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ சிக்கினாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் ஓடினால் விலக்கைப் பறிக்கலாம். ஓடவிடாமல் பிடித்து உட்காரவைக்கத்தான் நண்பர்கள்.

கே: கண்டித்தால் நட்பு முறிந்துவிடுமோ?
– தயக்கம், தஞ்சாவூர்

ப: முறியட்டும். உயிரோடு இருந்தால் பிறகு சமாதானமாகிக்கொள்ளலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. கட்டணம் கிடையாது. அவன் கூப்பிட மாட்டான், நீங்கள் கூப்பிடுங்கள்.