மைசூர்பாகுக்குப் பின் காபி: தீபாவளித் தட்டை முன்வைத்து ஒரு விசாரணை

அமெரிக்காவில் ஹாலோவீன் இரவில் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கி வருவார்கள். அதில் ஒரு பங்கைப் பெற்றோர் நைசாக ஒதுக்கிக்கொண்டு, எந்த மிட்டாய்க்கு எந்த வைன் ஒத்துப்போகும் என்று பட்டியல் போடுவார்கள். விளையாட்டுதான். ஆனால் அந்த விளையாட்டுக்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது: தின்கிற பண்டத்தைவிடக் குடிக்கிற வைன் ஒரு மாற்று கூடுதலாக இனிக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வைனும் புளித்தண்ணீர்தான்.

நமக்குத் தீபாவளி இருக்கிறது, பலகாரம் இருக்கிறது, காபி இருக்கிறது. சாஸ்திரம் மட்டும் இல்லை. காபி தமிழ்நாட்டுக்குள் வந்த கதைக்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ இருக்கிறது. வந்து சேர்ந்த காபி, மைசூர்பாகு தின்ற வாயில் ஏன் கசக்கிறது என்பதே இந்த விசாரணை. (மதுபானம் இதன் எல்லைக்குள் வராது. அந்தத் துறையில் பக்கத்தில் வைப்பது ஊறுகாயும் சுண்டலும். அதற்கு வேறு அறிஞர்கள் இருக்கிறார்கள்.)

ஆய்வுக்கு வித்திட்டது ஒரு குடும்பப் பூசல். எங்கள் பெரியத்தை ஆண்டுதோறும் தீபாவளியன்று காலை பத்து மணிக்கு வருவாள். உட்கார்ந்ததும் ஒரு மைசூர்பாகு, அதன் மேல் அரை ஜாங்கிரி. விரலில் ஒட்டிய பாகைச் சப்பிவிட்டு டவராவிலிருந்து ஒரு வாய் காபி. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்ப்பாள்.

“ஏம்மா, சர்க்கரை போட மறந்துட்டியா?”

“ரெண்டு ஸ்பூன் போட்டேனே அக்கா.”

“டப்பாவிலயே இருக்கும், போய்ப் பாரு.”

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த உரையாடல் ஓர் எழுத்துப் பிசகாமல் நடந்துவருகிறது. ஒவ்வொரு முறையும் அம்மா அடுக்களைக்குப் போய்த் தனக்குள் ஏதோ சொல்லிக்கொள்வாள். அந்தத் தரவு அச்சேற்றத் தக்கதல்ல.

அம்மா நிரபராதி. நாக்கில் இனிப்பை அறியும் வாசல் ஒன்றுதான். சர்க்கரையும் வெல்லமும் செயற்கை இனிப்பூட்டிகளும் அதே வாசலில்தான் தட்டியாக வேண்டும். ஒரு கிண்ணம் கடலைமாவுக்கு இரண்டு கிண்ணம் சர்க்கரை என்று கிளறிய பண்டம் அந்த வாசலை உடைப்பதுபோல் தட்டிவிட்டுப் போன பிறகு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை வந்து மெல்லத் தட்டினால் யார் காதில் விழும்? கசப்புக்கோ பல வாசல்கள். அவை அத்தனையும் திறந்தே கிடக்கின்றன. காபியின் கசப்பும், சேர்த்திருந்தால் சிக்கரியின் கசப்பும், தடுப்பாரின்றி நேரே உள்ளே வருகின்றன.

வைன்காரர்கள் விதியை அப்படியே எடுத்தாண்டால் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரான்சின் சோத்தேர்ன் என்ற இனிப்பு வைனில் லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை இருப்பது சாதாரணம். நம் டம்ளர் 150 மில்லி. காபி அந்தத் தரத்துக்கு உயர 18 கிராம், அதாவது நாலரை ஸ்பூன் சர்க்கரை வேண்டும். அது காபி அல்ல, பாகு. இன்னும் கொஞ்சம் காய்ச்சினால் கம்பிப் பதம் வந்துவிடும். பெரியத்தைக்கு ஏற்கெனவே சர்க்கரை வியாதி. கருதுகோள் கைவிடப்பட்டது.

அப்போதுதான் தட்டின் ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த தேன்குழலைக் கவனித்தேன்.

இனிப்பு, காரம், காபி என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம். அந்த வரிசையை யாரும் மாற்றிச் சொல்லிக் கேட்டதில்லை. இது எதுகை மோனைக்காக அமைந்ததல்ல. அனுபவத்தில் அமைந்த முறை என்பது என் துணிபு. உப்புக்குக் கசப்பை அமுக்கும் குணம் உண்டு. முறுக்கை நறநறவென்று மெல்லும்போது எச்சில் ஊறி நாக்கில் படிந்த பாகை அலசிவிடுகிறது; மிஞ்சிய உப்பு, வரப்போகும் காபியின் கசப்பை வாசலிலேயே மடக்குகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதே சோத்தேர்னுக்குத் துணையாக ரோக்ஃபோர் என்ற உப்புக் கரிக்கும் பாலாடைக்கட்டியை வைக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு ஓமப்பொடி கிடைக்கவில்லை.

உள்நாட்டுச் சான்றுக்குப் பெண் பார்க்கும் சடங்கைப் பாருங்கள். முதலில் சொஜ்ஜி, அடுத்து பஜ்ஜி, கடைசியில் பெண் கையால் காபி. மாப்பிள்ளை வீட்டார் சொஜ்ஜி வாயோடு நேரே காபிக்குத் தாவியிருந்தால், “பொண்ணுக்குக் காபி போடத் தெரியலை” என்று எத்தனை சம்பந்தங்கள் முறிந்திருக்கும்! நடுவில் நின்று காப்பாற்றியது ஒரு வாழைக்காய் பஜ்ஜி. அதற்கு நன்றி சொன்ன தம்பதி எவரையும் நான் கண்டதில்லை.

எல்லாக் காரமும் இந்த வேலைக்கு ஆகாது. மிளகாயின் எரிவை உணரும் நரம்பு முனைதான் சூட்டையும் உணர்கிறது. காரசேவு தின்ற வாயில் ஆவி பறக்கும் காபி பட்டால் சூடு இரட்டிப்பாகத் தோன்றுவது அதனால்தான். காபியிலுள்ள பால் எரிச்சலைத் தணிக்கப் பார்க்கும், சூடு அதைக் கிளப்பிவிடும். வாய்க்குள் மாமியார் மருமகள் சண்டை. ஆகவே இடையில் வைக்கத் தக்கவை தேன்குழலும் ஓமப்பொடியும் தட்டையும். காரசேவு மழைக்காலச் சாயங்காலத்துக்கானது.

இனிப்புகளிலும் பேதம் உண்டு. நெய் சொட்டும் மைசூர்பாகு நாக்கில் மெழுகுபோல் படிவதால் இரண்டு தேன்குழல் கேட்கும். ஜாங்கிரிக்கு ஒன்று போதும். பால்கோவாவுக்குப் பின் பால் காபி என்பது பாலுக்குப் பாலே சாட்சி சொல்வது, செல்லாது. லட்டிலுள்ள கிராம்பும் பச்சைக் கற்பூரமும் காபி வாசனையோடு மல்லுக்கு நிற்கும், வெற்றி தோல்வி இல்லை. அதிரசத்துக்குக் காபியே வேண்டாம். வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்த அதற்குக் கருப்பட்டி போட்ட சுக்கு காபிதான் முறை. அதிரசத்தோடு பில்டர் காபி கொடுப்பவர்களோடு எனக்கு வாதம் இல்லை, வருத்தம் மட்டுமே.

விடியற்காலையில் தின்னும் தீபாவளி லேகியம் தனி அதிகாரம் கேட்கும். சுக்கும் திப்பிலியும் ஓமமும் இடித்துப் போட்டு வெல்லத்தில் கிளறிய அந்த உருண்டைக்குப் பின் எந்தக் காபியும் கஷாயம்தான். அதை இனிப்பில் சேர்ப்பதா, காரத்தில் சேர்ப்பதா என்பதே தீரவில்லை. மருந்து என்று சொல்லி ஒதுக்கிவிட்டேன்.

கருதுகோளைச் சோதிக்க இந்தத் தீபாவளியைத் தேர்ந்தெடுத்தேன். பெரியத்தை வந்தாள். மைசூர்பாகு, அரை ஜாங்கிரி. காபி டம்ளரை நான் பிடித்து வைத்துக்கொண்டு, “அத்தை, முதல்ல இதைச் சாப்பிடுங்க” என்று இரண்டு தேன்குழலை நீட்டினேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு மென்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அடுக்களைக் கதவோரம் அம்மா நின்றிருந்தாள். டம்ளர் கை மாறியது. ஒரு வாய்.

“என்னம்மா இது, இவ்வளவு சர்க்கரையா?”

அம்மா எங்களைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போய்க் கேட்டேன். வருஷா வருஷம் பேச்சு வாங்கி அலுத்துப்போய் இந்த முறை நாலு ஸ்பூன் போட்டாளாம்.