விட்டமும் தரையும்: கைக்குழந்தையோடு கோடைக்கானலில் அறை எடுத்தல் குறித்த ஓர் ஆய்வு

மலை சார்ந்த நிலம் குறிஞ்சி. அதன் சிறுபொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல். இப்படிச் சொல்லிப்போன இலக்கணிகளில் எவரும் கைக்குழந்தையோடு மலையேறியவர் அல்லர் என்பது வெளிப்படை. யாமத்தில் மட்டும் பிழையில்லை. குழந்தை விழித்துக்கொள்வது சரியாக அப்போதுதான். உரிப்பொருளோ நெய்தலிலிருந்து இடம்பெயர்ந்து வந்த இரங்கல். இரங்குவோர் தலைவன், தலைவி, பக்கத்து அறைக்காரர்.

இனி ஆய்வுச் சிக்கல். விடுதிகள் அறையை விற்பது ஜன்னலை வைத்து. பள்ளத்தாக்கு தெரிந்தால் ஒரு வாடகை, ஏரி தெரிந்தால் ஒரு வாடகை, அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் ஒரு வாடகை. லெவிஞ்ச் துரை 1863இல் உருவாக்கிய அந்த நட்சத்திர வடிவ ஏரியைப் பத்து மாதக் குழந்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதன் கண்ணுக்குப் படுவது, முன்பு தங்கியவர் கட்டிலடியில் விட்டுப்போன கொண்டை ஊசி. மலைப்பாதையில் அத்தனை கொண்டை ஊசிகளைக் கடந்து வந்தது போதாதென்று இதையும் வாயில் போட்டுப் பார்க்கிறது. எனவே ஜன்னலை மறந்து, விட்டத்தையும் தரையையும் பார்த்தே அறை எடுக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

குழந்தைகளை வகைப்படுத்துவதிலும் விடுதிகளுக்குத் தெளிவில்லை. ஐந்து வயதுக்குக் கீழ், ஐந்து வயதுக்கு மேல் என்ற பிரிவு எக்ஸ்ட்ரா பெட்டுக்குக் காசு வாங்க ஏற்பட்டது. அதில் அறிவியல் கிடையாது. ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டிலேயே குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடிவிட்டார். அந்த மரபின் பத்துப் பருவங்களே நமக்குப் போதும். செங்கீரைப் பருவத்துக் குழந்தை போட்ட இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டு கிடக்கும். எந்த அறையும் சரி. இப்பருவத்தில் போய்வந்தவர்கள்தான் “ஒண்ணும் கஷ்டமில்லைங்க” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். அச்சான்று கொள்ளத்தக்கதன்று. வருகைப் பருவத்தில் புலவர் குழந்தையை வா வா என்று அழைப்பார். விடுதியில் அழைக்கவே வேண்டாம். பாத்ரூம் கதவு திறந்திருந்தால் போதும். சிறுபறைப் பருவத்தினருக்குத் தரைத்தளம் கட்டாயம். எவர்சில்வர் ஜக்கும் கரண்டியும் கிடைத்துவிட்டால் கீழ் அறைக்காரர் மேலே ஏறி வருவார்.

விட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தூளிக்கு ஒரு பழைய நூல் புடவை, ஒரு ஸ்பிரிங், நடுவே விரித்துப் பிடிக்க ஒரு கட்டை போதும். மூன்றும் பையில் வந்துவிடும். கொக்கி மட்டும் வராது. சமவெளியில் இந்தச் சிக்கல் குறைவு. கோடைக்கானலிலோ குளிர் காரணமாகப் பல அறைகளில் ஃபேனே இல்லை, ஆகவே விட்டத்தில் கொக்கிக்கும் வேலையில்லை. இது இரட்டை இழப்பு. மதுரைக் குழந்தை பிறந்ததிலிருந்து ஃபேனின் ‘டக் டக்’ ஓசையில் தூங்கிப் பழகியது. எல்லோரும் காசு கொடுத்துத் தேடிவரும் மலை நிசப்தம் அதைத் திடுக்கிட்டு எழுப்பிவிடுகிறது. பழைய பங்களாக்களின் மர உத்தரம் உத்தமம். ஃபால்ஸ் சீலிங் அதமம். அதில் கொக்கியே தொங்கினாலும் நம்பக்கூடாது. தப்பித்தவறி ஃபேன் இருந்து, அதிலேயே கட்டலாமே என்று மாமனார் சொன்னால், மரியாதையாக மறுத்துவிட வேண்டும்.

தரவு திரட்டும் முறை தொலைபேசி நேர்காணல். மாதிரி ஒன்று:

“ரூம்ல விட்டத்துல கொக்கி இருக்குங்களா?”

“டபுள் பெட், டிவி, கீசர் எல்லாம் இருக்கு சார்.”

“கொக்கி?”

“வியூ சூப்பரா இருக்கும் சார்.”

தரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டைல்ஸ் ஜில்லென்றிருக்கும், கம்பளத்தில் முந்தைய குழந்தைகளின் வரலாறு படிந்திருக்கும். சொந்த ஜமுக்காளம் ஒன்று கொண்டுபோய் விரிப்பதே வழி. கண்ணாடி டீப்பாயை உள்ளே நுழைந்ததும் வெளியேற்ற வேண்டும், பெட்டியைப் பிரிப்பதற்கும் முன்னால்.

கருதுகோளுக்குள் அடங்காத ஒன்று கஞ்சி. கோடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேலே இருப்பதால் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கெட்டில் கொதித்துவிட்டதாகச் சொல்லும், அரிசி ஒப்புக்கொள்ளாது. குக்கரில் அழுத்தம் கூடுவதால் வெந்துவிடும் என்பது இயற்பியல் விதி. ‘அறையில் சமைக்கக் கூடாது’ என்பது கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் விதி. இரண்டுக்கும் இடையில் விசில் சத்தம் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே அறையை முடிவு செய்யுமுன் சமையல் மாஸ்டரைப் பார்த்து, சாதத்தைக் குழைய வடித்துத் தருவாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பருப்பில் காரம் வேண்டாம் என்றால், குறைத்துப் போடுகிறேன் என்பார். வேண்டவே வேண்டாம் என்று மறுபடி சொல்ல வேண்டும்.

பாட்டி உடன்வரும் குடும்பங்கள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அவர் வந்தால் கொக்கியும் வேண்டாம், உத்தரமும் வேண்டாம். சுவரில் சாய்ந்து காலை நீட்டி, குழந்தையைக் காலில் போட்டு நாலு ஆட்டு ஆட்டித் தூங்கவைத்துவிட்டு, ஏரி எந்தப் பக்கம் என்று கேட்கிறார். இத்தரவைச் சேர்த்தால் கருதுகோள் முழுதும் விழுந்துவிடும்.